கொட்டியாரக் குடாவின் தென்கரையில் சம்பூர்

சம்பூர், கொட்டியாரக் குடாவின் தென்கரையில் மூதூருக்குக் கிழக்கே உள்ள கடலோர ஊர். குடாவின் வடகரையில் திருகோணமலைத் துறைமுகமும் கோணேசர் கோயில் நிற்கும் பாறையும் இருக்கின்றன. தென்கரையில் சம்பூர், கூனித்தீவு, சூடைக்குடா, இளக்கந்தை என்று சிற்றூர்கள் அடுத்தடுத்து வருகின்றன. இன்றைய நிர்வாகத்தில் இவை மூதூர் பிரதேச செயலகப் பிரிவுக்கு உட்பட்டவை. பழைய வழக்கில் இந்தப் பகுதி முழுவதும் கொட்டியாரப்பற்று. திருகோணமலைப்பற்று, கட்டுக்குளப்பற்று, தம்பலகாமப்பற்று ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் நான்கு பற்றுகளில் இது ஒன்று. இங்கே வயல், குளம், பற்றைக்காடு, கடல் நான்கும் நடந்து போகும் தூரத்துக்குள் இருக்கின்றன. ஆகவே கடலுக்குப் போகிற வீட்டிலும் கொஞ்சம் வயலோ நாலைந்து மாடோ இருக்கும். கடல் மூடும் மாதங்களில் குடும்பத்தைத் தாங்குவது அந்த வயலும் மாடும்தான்.

குடாவின் அமைப்பைப் புரிந்துகொண்டால் ஊரின் வரலாறும் பாதி புரிந்துவிடும். இலங்கையின் மிக நீண்ட ஆறான மகாவலி, 335 கிலோமீற்றர் ஓடி வந்து இந்தக் குடாவில்தான் கடலோடு சேர்கிறது. அதன் ஒரு கிளை வெருகல் ஆறாகத் தெற்கே பிரிந்து தனியே கடலைச் சேர்கிறது. ஆற்று நீர் கொண்டுவரும் வண்டலால் குடாவின் ஓரங்கள் மீனுக்கும் இறாலுக்கும் வளமான மேய்ச்சலாக உள்ளன. குடாவின் நடுப்பகுதியோ திடீரென ஆழத்தில் இறங்குகிறது. அங்கே தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு, கரையை விட்டு விலக விலக ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்குப் போகிறது. திருகோணமலை உலகறிந்த இயற்கைத் துறைமுகமானதற்கு இந்த ஆழமே காரணம். நீலத் திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் கரைக்கு இவ்வளவு அருகே வருவதற்கும் அதுவே காரணம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என அடுத்தடுத்து வந்தவர்கள் எல்லாரும் இந்த நீருக்காகவே சண்டையிட்டார்கள். துறைமுகத்தைக் காக்க விரும்புகிறவருக்கும் தாக்க விரும்புகிறவருக்கும் அதன் எதிர்க்கரை தேவைப்படும். சம்பூர் அந்த எதிர்க்கரை.

ஊருக்குப் போகும் வழி இப்போது இலகு. முன்பு அப்படி இல்லை. திருகோணமலையிலிருந்து மூதூருக்கு லோஞ்சில் குடாவைக் கடப்பது ஒரு வழி. கிண்ணியாவில் பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறி ஆற்றுமுகத்தைத் தாண்டி, இன்னும் சில நீரோட்டங்களைக் கடந்து தரைவழியே வருவது மற்ற வழி. பாதை ஓடாத நாளில் நோயாளியும் பரீட்சைக்குப் போகும் பிள்ளையும் கரையில் காத்திருக்க வேண்டியதுதான். 2009 ஒக்ரோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளமுள்ள அந்தப் பாலத்தோடு, திருகோணமலை – மட்டக்களப்பு வீதியில் இருந்த மற்றப் பாதைத் துறைகளிலும் பாலங்கள் வந்தன. கொழும்பிலிருந்து வருவோர் இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ திருகோணமலை வந்து, அங்கிருந்து மூதூர் பஸ் எடுக்கலாம். மூதூருக்கு அப்பால் பஸ் குறைவு. முச்சக்கரவண்டியோ மோட்டார் சைக்கிளோதான் கைகொடுக்கும். தங்குவதற்கு உப்புவெளி, நிலாவெளி போல இங்கே விடுதி வரிசை கிடையாது. திருகோணமலையிலோ மூதூரிலோ தங்கி, விடியமுன் புறப்பட்டு வருவது நல்லது.

எந்த மாதத்தில் வருவது என்பதைக் காற்று தீர்மானிக்கிறது. கிழக்குக் கரையில் கார்த்திகை, மார்கழி, தை மாதங்கள் வாடைக்காற்றின் காலம். மழையும் அலையும் சேர்ந்து சிறு படகுகளைக் கரையில் முடக்கிவிடும். மகாவலியும் வெருகலும் பெருகித் தாழ்நிலங்களை மூடும். பங்குனி தொடங்கிப் புரட்டாதி வரை கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். இடையில் ஆனி, ஆடியில் கச்சான் காற்று நிலத்திலிருந்து அனலாக வீசும். பகல் பதினொரு மணிக்குப் பிறகு வெளியே நடமாடுவது கடினம். அதே வேளையில் கடல் குளம்போலக் கிடக்கும். மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் குழப்பும்போது, நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர் வலையும் படகுமாகக் கிழக்குக்கு வந்து வாடி போட்டுத் தொழில் செய்வது நெடுங்கால வழக்கம். வாடி என்பது கிடுகும் தடியும் கொண்டு கடற்கரையில் கட்டும் தற்காலிகக் குடில். சில மாதங்களுக்கு அதுவே வீடு, களஞ்சியம், சமையலறை எல்லாம். இப்படி வருகிறவர்களுக்கும் உள்ளூராருக்கும் இடையே உறவும் உண்டு, உரசலும் உண்டு.

கரையில் ஒரு காலை

மீன்பிடி ஊரைப் பார்க்க வருகிறவர் விடியற்காலையைத் தவறவிட்டால், பார்க்க வந்ததையே தவறவிட்டவராகிறார். இரவில் வலை விரிக்கப் போன கண்ணாடியிழைப் படகுகள் கிழக்கு வெளுக்கும்போது கரை திரும்பும். பதினெட்டு முதல் இருபத்துமூன்று அடி நீளம், பின்புறம் ஒரு எஞ்சின், இரண்டு அல்லது மூன்று ஆட்கள். இதுதான் இந்தக் கடலின் பொதுவான படகு. துறைமுகமோ இறங்குமேடையோ இல்லாத கரையில் படகை மணலில் ஏற்றுவது பலர் தோள் கொடுக்க வேண்டிய வேலை. படகு நின்றதும் வலையிலிருந்து மீன் கழற்றும் வேலை தொடங்கும். செவுள் பட்ட மீனைக் கண்ணி அறாமல் எடுக்க விரல் பழக வேண்டும். சூடை, கீரி போன்ற சிறு மீன்கள் ஒரு பக்கம் குவியும். பாரை, விளைமீன் போன்றவை தனியே போகும். அறக்குளா ஒன்று கிடைத்திருந்தால் அதைச் சுற்றி வியாபாரிகள் கூடிவிடுவார்கள். கூறு போடுவதும் விலை கூறுவதும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஐஸ் பெட்டியோடு காத்திருக்கும் லொறி வெயில் ஏறமுன் புறப்பட்டாக வேண்டும் என்பதால் அந்த அவசரம்.

அந்த விலையைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் மீனவர் அல்லர் என்பதைப் பயணி கவனிக்க வேண்டும். படகுக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும் முற்பணம் கொடுத்த முதலாளிக்கே பிடித்த மீனைக் கொடுக்கும் கட்டாயம் பலருக்கு உண்டு. கடன் தீரும்வரை அந்தக் கட்டாயம் தொடரும். எண்ணெய் விலை ஏறினால் இரண்டு இரவு கடலுக்குப் போகாமல் இருப்பதே இலாபம் என்றாகிவிடும். 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்து மண்ணெண்ணெய் தட்டுப்பட்டபோது, மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களை நம்பியிருந்த சிறுதொழில் மீனவர்கள் நாடு முழுவதும் கரையிலேயே இருக்க நேர்ந்தது. மூதூரைச் சேர்ந்த எழுத்தாளர் வ. அ. இராசரத்தினம் எழுதிய ‘தோணி’ என்ற சிறுகதை, சொந்தத் தோணி வேண்டும் என்ற ஒரு மீனவனின் ஆசையைப் பற்றியது. ஈழத்துச் சிறுகதைகளில் இன்றும் முன்னால் வைத்துப் பேசப்படும் அந்தக் கதை பிறந்த கரை இதுதான். தோணி போய்க் கண்ணாடியிழைப் படகு வந்திருக்கிறது. சொந்தமாக ஒன்று வேண்டும் என்ற ஆசை அப்படியே இருக்கிறது.

கரைவலை இந்தக் கிழக்குக் கரையின் பழைய தொழில். இதைப் பார்க்க ஓரிரு மணிநேரம் பொறுமை வேண்டும். வலையின் ஒரு கயிற்று நுனியைக் கரையில் விட்டுவிட்டு, மீதியைப் படகில் ஏற்றிக் கடலுக்குள் அரைவட்டமாகப் போட்டுக்கொண்டே போய், மறு நுனியோடு வேறோர் இடத்தில் கரை சேர்வார்கள். பிறகு இரண்டு பக்கத்திலும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். இரண்டு வரிசையும் இழுக்க இழுக்க ஒன்றையொன்று நெருங்கும். கடைசியில் வலையின் நடுவிலுள்ள மடி கரைக்கு வரும்போதுதான் என்ன பட்டிருக்கிறது என்பது தெரியும். வலையை எங்கே போடலாம் என்பதற்கும் முறை உண்டு. பாடு எனப்படும் அந்தக் கரைத்துண்டில் வலை போடும் உரிமை பரம்பரையாகவோ அனுமதிப் பத்திரம் வழியாகவோ வருகிறது. வருமானம் வலைக்காரருக்கும் இழுப்பவருக்கும் பங்காகப் பிரியும். இந்தத் தொழிலுக்குக் கடலைப் போலவே கரையும் வேண்டும். கயிறு இழுக்கவும் வலை உலர்த்தவும் மீன் காயவிடவும் சில நூறு மீற்றர் திறந்த மணல் இல்லையென்றால் கரைவலை இல்லை.

கடலின் வளம் குறைவதைப் பற்றிய கவலை இந்த மாவட்டம் முழுவதும் கேட்கிறது. வெடி வைத்து மீன்பிடிப்பது சட்டப்படி குற்றம். ஆனாலும் திருகோணமலைக் கடலில் அது முற்றாக ஒழியவில்லை. ஒரு வெடி ஒரு நிமிடத்தில் கொல்வது விற்கும் மீனை மட்டுமல்ல. குஞ்சும் முட்டையும் பவளப்பாறையும் சேர்ந்து அழிகின்றன. மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குவலையைக் கரைக்கு அருகில் போடுவது பற்றியும் சிறுதொழில் மீனவர் நெடுநாளாக எதிர்ப்புத் தெரிவித்து வருகிறார்கள். வெடியில் செத்த மீனைத் தவிர்த்து, உடல் முழுதும் முறிவின்றி, கண் தெளிவாக, செவுள் சிவப்பாக உள்ள வலைமீனை வாங்கும் பயணி தன் பங்குக்குச் சிறிய உதவி செய்கிறார்.

கோயில், மூதூர்ப் புளியமரம், வேடர் குடிகள்

சம்பூரின் நடுநாயகம் பத்திரகாளி அம்மன் கோயில். வேறு ஊரில் குடியேறிப்போன சம்பூரார் திருவிழாவுக்கு வந்து சேர்வார்கள். இடப்பெயர்வுக் காலத்தில் ஊரைப் பற்றிய பேச்சு எப்போதும் இந்தக் கோயிலைச் சுற்றியே நிகழ்ந்தது. உள்ளே போகிறவர் வழக்கமான ஒழுங்குகளைக் கடைப்பிடித்தால் போதும். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டுமா என்பதை வாசலில் கேட்டுக்கொள்ளலாம். தெற்கே வெருகலாற்றங்கரையில் சித்திரவேலாயுத சுவாமி கோயில் உள்ளது. ஆவணி, புரட்டாதியில் வரும் அதன் திருவிழாவுக்குக் கொட்டியாரப்பற்று மக்களும் மட்டக்களப்பு மக்களும் திரளாகக் கூடுவார்கள். கடலும் களப்பும் சேரும் இலங்கைத்துறை முகத்துவாரத்தில் பாறைமேல் இன்று ஒரு பௌத்த விகாரை நிற்கிறது. புத்தரின் புனிதப் பல் இலங்கைக்கு வந்து இறங்கிய துறை அதுவென்பது பௌத்தர்களின் மரபு. முருகன் வழிபாடு இருந்த மலை அதுவென்பது அப்பகுதித் தமிழரின் நினைவு. இரண்டையும் தெரிந்துகொண்டு அங்கே போவதே நேர்மையான பயணம்.

மூதூர் பெரும்பான்மையாக முஸ்லிம்கள் வாழும் நகரம். தமிழ்ச் சைவரும் கத்தோலிக்கரும் அடுத்தடுத்த தெருக்களில் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். பிட்டு, இடியப்பம், மீன்குழம்பு, எருமைத் தயிர் ஆகியவற்றுக்கு மூதூர், கிண்ணியாச் சாப்பாட்டுக் கடைகள் பேர்போனவை. சட்டித் தயிரில் பாணி ஊற்றிச் சாப்பிடுவது இந்தப் பக்கத்தின் தனிச்சுவை. மகாவலிக் கரையின் புல்வெளியில் மேயும் எருமைகளே அதன் மூலம்.

மூதூருக்கு உலக இலக்கியத்திலும் ஓர் இடம் உண்டு. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே புயலில் பாய்மரம் முறிந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல், பழுதுபார்க்க இந்தக் குடாவுக்குள் வந்தது. அப்போது கொட்டியாரம் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்சிக்குள் இருந்தது. 1660 இல் கப்பலின் தலைவரும், தந்தையின் பெயரையே கொண்ட அவருடைய மகன் றொபேட் நொக்ஸும், மாலுமிகள் சிலரும் அரசனின் ஆட்களால் பிடிக்கப்பட்டுக் கண்டி நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தந்தை அடுத்த ஆண்டே காய்ச்சலில் இறந்தார். மகன் ஊரூராகத் தொப்பி பின்னி விற்றும் நெல் கடன் கொடுத்தும் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1679 இல் தப்பி, மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் சேர்ந்தார். 1681 இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல், அக்காலக் கண்டி மக்களின் உழவு, உணவு, வழக்கு, வரி ஆகியவற்றைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிக விரிவான சாட்சியங்களில் ஒன்று. அவர்கள் பிடிபட்டதாகச் சொல்லப்படும் புளியமரத்தடியில் 1893 இல் நினைவுக்கல் ஒன்று நாட்டப்பட்டது.

நொக்ஸின் கதைக்கு நூல் இருக்கிறது. இதே காட்டிலும் கரையிலும் அதற்கும் முன்பிருந்து வாழ்ந்துவரும் கரையோர வேடர்களின் கதை அவ்வளவாக எழுதப்படவில்லை. 1911 இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் ‘வேடர்’ ஆய்வு நூல், கிழக்குக் கரையில் தமிழ் பேசி மீன்பிடித்து வாழ்ந்த வேடர்களைக் குறிப்பிடுகிறது. மூதூர் கிழக்கிலும் வெருகலிலும் வாகரையிலும் அவர்களுடைய வழித்தோன்றல்கள் தங்களைப் பூர்வகுடிகளாக அடையாளப்படுத்துகிறார்கள். தேன் எடுத்தல், கிழங்கு அகழ்தல், களப்பில் மீன்பிடித்தல் ஆகியவை அவர்களின் வாழ்வாதாரம். வன எல்லைக் கற்கள் நெருங்க நெருங்க அந்த வாழ்வாதாரம் சுருங்குகிறது. இவர்களைக் காட்சிப்பொருளாகக் காட்டும் சுற்றுலாவுக்கு இடம் கொடுக்கக் கூடாது. தேன் வேண்டுமென்றால் உரிய விலை கொடுத்து அவர்களிடமே வாங்கலாம்.

பத்து ஆண்டு வெறுமை

சம்பூரைப் பார்க்க வருகிறவர் கேட்காமல் இருக்க முடியாத கேள்வி ஒன்று உண்டு: ஊரில் வீடுகள் ஏன் இவ்வளவு புதிதாக இருக்கின்றன? இடையிடையே கூரையில்லாச் சுவர்கள் ஏன் நிற்கின்றன?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை திருகோணமலை மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. மூதூர், கிண்ணியா, சம்பூர்க் கரைகள் எல்லாம் அடிபட்டன. அந்த இழப்பிலிருந்து எழும்புமுன் போர் திரும்பியது. சம்பூர் அப்போது விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. துறைமுகத்துக்கு எதிர்க்கரையாக இருந்ததால் இரு தரப்புக்கும் அது போர்முனை. 2006 ஏப்ரல் இறுதியில் கொழும்பில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல் நடந்த அன்றே இப்பகுதிமீது விமானக் குண்டுவீச்சும் எறிகணை வீச்சும் தொடங்கின. பொதுமக்கள் இறந்தார்கள். ஆகஸ்டில் மூதூர் நகரைச் சுற்றி நடந்த சண்டையில் முஸ்லிம் மக்கள் பெருந்தொகையாக ஓடினார்கள். அங்கே பிரெஞ்சு உதவி நிறுவனமொன்றின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 4 அன்று இராணுவம் சம்பூரைக் கைப்பற்றியது. அதற்குள் மக்கள் மட்டக்களப்பு வரை போய்விட்டார்கள்.

திரும்பி வந்தவர்களுக்கு ஊருக்குள் போக வழி இல்லை. 2007 மே மாத இறுதியில் சம்பூரும் அயலும் வர்த்தமானி மூலம் உயர் பாதுகாப்பு வலயமாயின. மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் தகரக் கூரைக்குக் கீழே ஆண்டுகளைக் கழித்தார்கள். தங்கள் கடலைச் சில கிலோமீற்றர் தூரத்தில் வைத்துக்கொண்டு கூலி வேலைக்குப் போன மீனவர்கள் அங்கே இருந்தார்கள். மாற்றுக் காணி தருகிறோம் என்ற அழைப்புகளைப் பலர் மறுத்தார்கள். வயலும் கடலும் கோயிலும் இல்லாத காணி தமக்கு எதற்கு என்பதே அவர்களின் வாதம்.

அந்தக் காணிமீது வேறு திட்டங்களும் வந்தன. இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் அமைப்பதற்கான உடன்பாடு 2006 டிசம்பரில் கைச்சாத்தானது. ஊர் வெறுமையாகி நான்கு மாதங்கள்கூட ஆகாத வேளை அது. 2012 இல் 818 ஏக்கர் கனரகக் கைத்தொழில் வலயமாக ஒதுக்கப்பட்டது. 2015 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு அந்த ஒதுக்கீடு இரத்தாகி, அவ்வாண்டு ஆகஸ்டில் காணிகள் மக்களிடம் திரும்பின. கடற்படை முகாம் நின்ற இடத்தில் 177 ஏக்கர் 2016 மார்ச்சில் விடப்பட்டது. சம்பூர் மகா வித்தியாலயமும் அதனுடன் ஊருக்குத் திரும்பியது. நிலக்கரித் திட்டத்தைச் சம்பூர் மக்களும் சூழலியலாளரும் எதிர்த்தார்கள். எந்திரங்களைக் குளிரூட்டிவிட்டு வெளிவரும் சுடுநீர் குடாவில் கலந்தால் மீன் என்னாகும், சாம்பல் வயலில் படிந்தால் நெல் என்னாகும் என்று கேட்டார்கள். 2016 செப்டெம்பரில் திட்டம் கைவிடப்படுவதாக உயர் நீதிமன்றத்துக்கு அறிவிக்கப்பட்டது. இப்போது அதே பெயரில் 120 மெகாவாற் சூரிய மின்திட்டம் வருகிறது. அதன் தொடக்கத்தை 2025 ஏப்ரல் 5 அன்று இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் காணொளி வழியாகச் செய்துவைத்தார்கள்.

போரின் எச்சம் மண்ணுக்குள் இன்னும் இருக்கிறது. 2025 ஜூலையில் சம்பூர்க் கடற்கரையோரத்தில் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தவர்கள் மனித எலும்புகளைக் கண்டார்கள். விடயம் நீதிமன்றத்துக்குப் போனது. 1990 ஜூலையில் இந்த ஊரில் கொல்லப்பட்டவர்களை நினைவுகூரும் இடம் அதற்கு அருகில்தான் உள்ளது. இப்படிப்பட்ட கரையில் நின்று அலையைப் படம் எடுக்கும் பயணி, அங்கே யாரேனும் தன் வீட்டு ஆளைத் தேடிக்கொண்டிருக்கலாம் என்பதை மனதில் வைத்திருக்க வேண்டும். ஊராரிடம் போரைப் பற்றிக் கிளறிக் கேட்பது தவறு. அவர்களாகச் சொன்னால் இருந்து கேட்பது மரியாதை.

கரை யாருக்கு

இலங்கையின் கிழக்குக் கரையில் சுற்றுலா வளர்ந்த விதம் சம்பூருக்கு முன்கூட்டியே சில பாடங்களை வைத்திருக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பிறகு வடக்கு, கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசு அறிவித்தது. அறுகம்குடாவில் மீனவர் குடிசைகளுக்கு அந்தத் தடை கடுமையாகப் பட்டது. விடுதிகளுக்கு அது அப்படிப் படவில்லை என்ற மனக்குறை அங்கே ஆழமாகப் பதிந்தது. பாசிக்குடாவில் போர் முடிந்த பின் பெருவிடுதிகள் வரிசையாக எழுந்தபோது, மீனவர்கள் படகு ஏற்றிய கரையும் கடலுக்குப் போகும் வழிகளும் சுருங்கின. விடுதியில் வேலை கிடைத்தவர்கள் உண்டு. ஆனால் வேலை என்பது ஒருவருக்குக் கிடைப்பது, கரை என்பது ஊருக்கே உரியது. பத்து ஆண்டுகள் முகாமில் இருந்து மீட்ட கரையைச் சம்பூர் மீண்டும் வேலிக்கு விட்டுக்கொடுக்க நேரக் கூடாது.

அதற்காகப் பயணிகளே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஊருக்கு வருமானம் தேவை. கடல் மூடும் மாதங்களில் இன்னும் கூடுதலாகத் தேவை. வீட்டின் ஓர் அறையை விருந்தினருக்குக் கொடுப்பது, கரையில் பிடித்த மீனை அங்கேயே சமைத்துக் கொடுப்பது, பெண்கள் போடும் கருவாட்டையும் பன்வேலையையும் இடைத்தரகர் இல்லாமல் விற்பது போன்ற சிறு முயற்சிகளில் பணம் ஊருக்குள் நிற்கும். மிரிஸ்ஸ, கல்பிட்டி, திருகோணமலைக் கடல்களில் திமிங்கிலம் காட்டும் படகுத்தொழில் வளர்ந்திருக்கிறது. திருகோணமலைக் கடலில் பங்குனி முதல் ஆவணி வரை அது நடக்கும் காலத்தில், பயிற்சியும் அனுமதியும் பெற்ற உள்ளூர்ப் படகோட்டிகளுக்கு அதில் இடம் கிடைத்தால் நன்று. மீன்பிடிப் படகில் மீனவரிடம் கெஞ்சி ஏறுவது வேறு விடயம். அந்தப் படகு பயணிகளை ஏற்றப் பதிவானதல்ல. உயிர்காப்பு அங்கி இருக்காது. பிடிபட்டால் தண்டம் கட்டுவதும் தொழிலை இழப்பதும் மீனவர்தான்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. கடற்படை முகாம்களையும் காவல் நிலைகளையும் படம் எடுக்கக் கூடாது. சிவப்பு மண்டையோட்டுப் பலகை உள்ள இடத்திலும் பற்றைக்குள்ளும் பாதை விலகி நடக்கக் கூடாது. பழைய வெளிச்சவீடு நிற்கும் குடாமுனைப் பக்கம் போக விரும்பினால், வழி திறந்திருக்கிறதா என்று ஊராரைக் கேட்டுக்கொள்வது நல்லது. கரையில் குளிக்கும்போது உடல் மூடிய உடை வேண்டும். அது விடுதிக் கடற்கரை அல்ல, ஆட்கள் வேலை செய்யும் இடம். வலைமீது மிதிப்பதும் காயும் கருவாட்டைத் தாண்டுவதும் கோபம் வரவழைக்கும் செயல்கள். கரைவலை இழுப்பவர்கள் அழைத்தால் கயிற்றில் கை வைக்கலாம், பங்கு கேட்காமல். மீனவரை வயதுக்கேற்ப அண்ணை, ஐயா என்றும், பெண்களை அக்கா, அம்மா என்றும் அழைத்துப் பேசினால் பதில் தாராளமாக வரும். படம் எடுக்கமுன் கேட்பது கட்டாயம்.

ஒரு நாள் மட்டும் உள்ளவர் விடிய ஐந்தரைக்குக் கரையில் இருக்க வேண்டும். எட்டு மணிக்கு மீன் விலைப்பட்டுவிடும். பிறகு கோயில், வெயில் ஏறுமுன் கூனித்தீவு, சூடைக்குடாப் பக்கம் ஒரு சுற்று, நண்பகலில் மூதூரில் சாப்பாடு, பிற்பகலில் புளியமரத்து நினைவுக்கல் என்று நேரத்தைப் பிரிக்கலாம். வெருகலுக்கும் இலங்கைத்துறைக்கும் இன்னொரு நாள் வேண்டும். மூதூர் கிழக்கு வீதிகளில் அந்தியில் யானைகள் இறங்குவதால், மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் பொழுது சாயமுன் பிரதான வீதியை அடைந்துவிடுவது நல்லது.